கழுவக்கூடாத காசு

ஜூன் 30

அப்பாவின் முலாம் பட்டறைக்கு அமிலம் கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனி இந்த வருடம் இரண்டு டைரி அனுப்பியிருக்கிறது, அதுவும் பாதி வருடம் போன பிறகு. ஒன்று தடிமன், தோல் அட்டை, படிக்கும் பக்கத்தைக் குறிக்கச் சிவப்பு நாடா. இன்னொன்று ஒல்லி. பசித்த டைரி.

தடிமனை அப்பா தஸ்லீமாவுக்குக் கொடுத்துவிட்டார். "தங்கம் அழகா எழுதும்" என்றார்.

தங்கம் என்பது தஸ்லீமாதான். என் வகுப்பு, என் பெஞ்சு, என் சிநேகிதி. அப்பா அவளைத் தங்கம் என்பார், என்னை வாலு என்பார். பட்டறைக்காரர் வாயில் ஒருத்தி தங்கம் என்றால் இன்னொருத்தி பித்தளை என்றுதானே அர்த்தம்.

ஆக, பித்தளையாகிய வைதேகி, பதினொன்றாம் வகுப்பு, காரைக்கால், பசித்த டைரிக்குத் தீனி போடத் தொடங்குகிறேன். முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது: 'கண்ணில் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் கழுவவும்.' தஸ்லீமா கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று போடவில்லை.

ஜூலை 1

ஆசிரியர்கள் அறை வாசலில் ஒரு ரூபாயைப் பசை போட்டு ஒட்டினேன். கணக்கு டீச்சர் குனிந்தார். பி.டி. சார் குனிந்து, நிமிர்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி குனிந்தார். இயற்பியல் வின்சென்ட் சார் மட்டும் குனியவில்லை, உட்கார்ந்தே விட்டார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வருடத்தைப் பார்த்தார். அவர்தான் எங்கள் பள்ளியின் நாணயச் சேகரிப்பு மன்றத் தலைவர். உறுப்பினர்கள் ஏழு பேர், அதில் ஐந்து பேர் விளையாட்டுப் பிரிவேளைக்குப் பயந்து சேர்ந்தவர்கள்.

"யாரு ஒட்டினது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புகழ் இப்படித்தான் வருகிறது, கேட்காமலே.

ஜூலை 3

தஸ்லீமாவின் வாப்பாவுடைய பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அவருடைய தகர டப்பா ஒன்று போன வருடம் அவர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றி ஒரே மாதிரி இரண்டு காசுகள். பிரெஞ்சு எழுத்து, 1943, கால் சென்ட், சாம்பல் நிறம். "ஆளுக்கு ஒண்ணுடி" என்று ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அவள் தன்னுடையதை மெழுகுத்தாளிலேயே வைத்திருந்தாள். நான் காம்பஸ் டப்பாவில் போட்டுவைத்தேன். ஒரு நாள் போரடித்தபோது காம்பஸ் முனையால் அதன் நடுவில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். மெத்தென்று இறங்கியது.

இன்று மன்றத்தில் வின்சென்ட் சார் இரண்டையும் பார்த்தார். அவளுடையதைப் பார்த்தபோது மூச்சை நிறுத்தினார். என்னுடையதைப் பார்த்தபோது மூச்சு விட்டார்.

"இது துத்தநாகம். போர் சமயத்துல செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போயிடுச்சு. காசடிக்க உலோகம் இல்ல. அதனால கையில கெடச்ச மட்டமான துத்தநாகத்துல அடிச்சாங்க. ஈரம் பட்டா அரிச்சிடும். அதான் முழுசா மிஞ்சினது கொஞ்சம். ஒண்ணுமில்லாத உலோகம்ங்கிறதுதான் இன்னிக்கு இதோட மதிப்பே."

"எவ்ளோ சார் போகும்?" என்று விளையாட்டுக்குப் பயந்தவர்களில் ஒருவன் கேட்டான்.

"இந்தச் சாம்பல் தோல் இருக்கே, இது இருந்தா சில ஆயிரம். தேய்ச்சுக் கழுவிட்டா பழைய இரும்புக் கடை வெல."

"அப்ப என்னோடது சார்?"

"உன்னோடது..." சார் குத்தைத் தடவினார். "உன்னோடது கம்மல் போடலாம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். தஸ்லீமா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

துத்தநாகம். பேரில் நாகம் இருக்கிறது, ஆனால் கொத்தாது போல.

ஜூலை 4

ஆகஸ்டில் நகராட்சித் திருமண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. மாணவர் பிரிவுக்குப் பள்ளிக்கு ஒருவர்தான். யார் என்று இந்த டைரி கேட்க வேண்டாம்.

ஜூலை 6

ஞாயிறு. தங்கம் பட்டறைக்கு வந்தாள்.

பட்டறை எங்கள் வீட்டின் முன்பாதி. மெருகேற்றும் பஃப் சக்கரம், அமிலத் தொட்டி, செம்புத் தொட்டி, நிக்கல் தொட்டி, நடுவில் அப்பா. கோயில் குத்துவிளக்கு, மாதா கோயில் மெழுகுவர்த்தித் தண்டு, தர்கா கொடிமரத்துக் கலசம் எல்லாம் வரும். அவருடைய மேசைமேல் வைத்தது எதுவும் மங்கலாகத் திரும்பிப் போனதில்லை. கேட்டால்தான் செய்வார் என்பதில்லை. பக்கத்து வீட்டு மாமா ஸ்கூட்டர் சாவியை மறந்து வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சாவி கண்ணாடியாக மின்னியது, ஆனால் வண்டி திறக்கவில்லை. அம்மாவின் கல்யாணத் தாம்பாளத்தில் வெட்டியிருந்த பெயர்களைத் தேய்த்தே அழித்துவிட்டார். "எனக்குக் கல்யாணம் ஆனதுக்கு இருந்த ஒரே சாட்சி அதாங்க" என்பாள் அம்மா.

தஸ்லீமா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேள்வியாகக் கேட்டாள். அப்பா பதிலாகச் சொன்னார்.

"நிக்கல நேரா துத்தநாகத்துல ஏத்தலாமா மாமா?"

"ஏறாது தங்கம், கொப்புளம் போட்டுடும். அடியில செம்பு குடுக்கணும், அதுக்கு மேல நிக்கல். பாத்தியா, என்னமா கேக்குது! பதினாறு வருஷமா இந்த வீட்லயே இருக்கு ஒண்ணு, இதுவரைக்கும் கேட்டிருக்கா?"

ஒண்ணு என்பது நான்.

கேட்டிருக்கிறேன். ஏழாவது படிக்கும்போது கேட்டேன், அந்தத் தொட்டியில் என் ரப்பரைப் போட்டால் ரப்பருக்கு முலாம் ஏறுமா என்று. போட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு அனுமதியில்லை. இதையெல்லாம் யாரும் சரித்திரத்தில் எழுத மாட்டார்கள்.

காசை வைக்க ஒரு சின்னப் பித்தளைத் தாங்கி செய்து தருவதாக அப்பாவே சொன்னார். டீ வந்தது. அவளுக்கு முதலில்.

ஜூலை 10

மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து மாம்பழம் இறைத்தார்கள். நானும் தஸ்லீமாவும் ஒரே பழத்துக்குக் கை நீட்டினோம். அவள் கையில் விழுந்தது. என்னிடம் கொடுத்துவிட்டாள். புளித்தது.

ஜூலை 12

தஸ்லீமா எங்கள் வீட்டு வாசலோடு வந்து காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். உம்மாவோடு நாகூருக்குப் போகிற அவசரம், ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

"தாங்கிக்கு அளவெடுக்கத்தாண்டி. மாமாகிட்ட சொல்லிடு, காசைத் தொடைக்கக்கூட வேணாம், கழுவக்கூடக் கூடாதுன்னு. மறந்துடாத, என்ன?"

"சரி."

"உங்கப்பா கை சும்மா இருக்காதுடி, அதான்."

"எங்கப்பா கையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆட்டோ போய்விட்டது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காசை அவர் மேசைமேல் வைத்தேன். 'தங்கத்தோட காசு, தாங்கிக்கு' என்று சத்தமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அம்மா கடைக்குப் போகச் சொன்னாள். போனேன். கொத்தமல்லி வாங்கினேன், கருவேப்பிலை கொசுறு கேட்டு வாங்கினேன். ரொம்பப் பொறுப்பாக இருந்தேன்.

ஜூலை 13

பஃப் சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவோ பொருள் வருகிற பட்டறை, எதுவாகவும் இருக்கலாம். நான் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? எனக்குத்தான் அங்கே அனுமதியில்லையே.

மத்தியானம் வீட்டுப்பாடம் செய்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

ஜூலை 14

தஸ்லீமா பள்ளி விட்டு நேராக வந்தாள். அப்பா ஒரு வெல்வெட் துணியை எடுத்து மேசைமேல் விரித்தார். நடுவில் பித்தளைத் தாங்கி. அதில் காசு.

அது காசு மாதிரியே இல்லை, நிலா மாதிரி இருந்தது. சாம்பல் போயிருந்தது. எழுத்தின் விளிம்பெல்லாம் வழவழவென்று உருகினாற்போல. அதில் என் மூக்கு தெரிந்தது.

"எப்படி? முதல்ல பஃப்பு. அப்புறம் செம்பு. அதுக்கு மேல நிக்கல். இனிமே நூறு வருஷத்துக்குக் கறுக்காது தங்கம்" என்றார் அப்பா. குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தஸ்லீமா காசைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு மாமா."

"பாத்தியா! நான் சொன்னேன்ல" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தெருமுனை வரை அவளோடு போனேன். முனையில் நின்றாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேன்."

முலாம் பட்டறைக்காரர் பெண். ஒரு வார்த்தைக்கு முலாம் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"சரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே போனாள்.

ஜூலை 15

நான் எதுவும் செய்யவில்லை. எழுதிவைக்கிறேன்: நான் எதுவும் செய்யவில்லை. தேய்த்தது நானில்லை, முக்கியது நானில்லை. ஒரு ஆள் எதுவும் செய்யாமல் இருந்ததற்கு யாராவது திட்டுவார்களா?

வின்சென்ட் சார் மன்றத்தில் காசைப் பார்த்து உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில்.

"செம்பும் நிக்கலும் இல்லாமப் போனதாலதான் இந்தக் காசே பொறந்துச்சு. எண்பது வருஷம் கழிச்சு அதே செம்பையும் நிக்கலையும் குடுத்திருக்காங்களே, யாரும்மா?"

தஸ்லீமா, "வீட்ல சார்" என்றாள். யார் வீட்டில் என்று சொல்லவில்லை.

ஜூலை 21

தங்கம் வரவில்லை. நேற்றும் வரவில்லை, அதற்கு முந்தைய ஞாயிறு காசு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் கணக்கில்லை.

இதைத்தானே கேட்டேன். இப்போது டீ எனக்கு முதலில் வருகிறது. ஆறி வருகிறது. ஊற்றிவிட்டு அப்பா வாசலைப் பார்க்கிறார்.

"தங்கம் ஏன் வரல?"

"எனக்கென்னப்பா தெரியும்."

"சண்டையா?"

"நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?"

வகுப்பில் அவள் என்னோடு பேசுகிறாள். ரப்பர் கேட்டால் கொடுக்கிறாள். ரப்பரைத் தவிர வேறெதுவும் கேட்காதபடி பார்த்துக்கொள்கிறாள்.

ஜூலை 26

வந்தாள்! என்னிடம் இல்லை, அப்பாவிடம். தாங்கியில் இன்னொரு பள்ளம் வேண்டுமாம், பக்கத்திலேயே, அதே அளவு. அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு அப்போதே செய்து கொடுத்தார். அவள் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"உன் காச எனக்கு ரெண்டு நாளைக்கு எரவல் குடுடி. கண்காட்சிக்கு."

"அதுலதான் கம்மல் போடலாமே."

"பரவால்ல. சாம்பலா இருக்குல்ல. பக்கத்துப் பக்கத்துல வைக்கணும்."

"தொலைஞ்சுபோச்சு" என்றேன். காம்பஸ் டப்பா மேசைமேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டப்பா எங்கள் இருவரையும் பார்த்தது.

"கெடச்சா கொண்டு வா" என்று போய்விட்டாள்.

தகர டப்பாவிலிருந்து வந்த இரண்டில் ஒன்றை அவள்தான் எனக்குக் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன். இப்போதும் கொடுக்கப்போவதில்லை.

ஜூலை 30

அப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில், தையல்கடையில், முடிதிருத்தும் கடையில் பாதி முகச்சவரத்தில். "கண்காட்சில நம்ம கை வேலை வைக்கிறாங்க." சனிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. தீபாவளிச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார். அமிலம் பட்டு ஓட்டையாகாத ஒரே சட்டை அது.

நடுவர் தஞ்சாவூரிலிருந்து வருகிறாராம். கறாரானவராம். ஒவ்வொரு மேசையிலும் நின்று, எல்லார் முன்னாலும், மனதில் பட்டதைச் சொல்வாராம்.

சாப்பாடு இறங்கவில்லை. சாம்பார் சரியில்லை.

ஆகஸ்ட் 1

"எந்தச் செருப்பு போடட்டும்?" என்று அப்பா என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 2

மண்டபத்தில் ஒரே புழுக்கம். பித்தளை, வெள்ளி, ஓட்டைக் காலணா என்று மேசை மேசையாக. மூலையில் எங்கள் பள்ளி. வெல்வெட் துணி, இரண்டு பள்ளத் தாங்கி. வலப்பக்கம் நிலா. இடப்பக்கம் காலி. கீழே தஸ்லீமாவின் அழகான கையெழுத்தில் அட்டை:

'கால் சென்ட், பிரெஞ்சு இந்தோசீனா, 1943. போருக்குச் செம்பும் நிக்கலும் போய்விட்டதால் துத்தநாகத்தில் அடித்தது. இடது: அப்படியே. காசு உதவி: க. வைதேகி. வலது: செம்பும் நிக்கலும் திரும்பக் கிடைத்த பிறகு. முலாம்: திரு. கலியபெருமாள், காரைக்கால்.'

நான் கொண்டுவருவேன் என்று யார் சொன்னது? எழுதியே வைத்துவிட்டாள். என்ன திமிர்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். வின்சென்ட் சார் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு வேடிக்கைக்காக, வெறும் வேடிக்கைக்காக, என் குத்துப்பட்ட காசை இடப்பக்கப் பள்ளத்தில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பி வந்து அவள் முழிக்கும் முழியைப் பார்க்கத்தான். அவள் முழிக்கவில்லை. காசை ஒரு விரலால் நேராக்கினாள், அவ்வளவுதான்.

அப்பா தீபாவளிச் சட்டையில் வந்தார். அட்டையில் தன் பெயரைப் படித்தார். எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாக, இரண்டு தரம். பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து, "இனிஷியல் மட்டும் விட்டுப்போச்சு" என்றார். பெருமையை வேறெப்படிச் சொல்வது என்று தெரியாமல்.

அப்போது நடுவர் வந்தார். வலப்பக்கக் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது போச்சு. இதுக்கு இனிமே சேகரிப்புல மதிப்பே கெடையாது. நல்லா இருந்த காசு, முலாம் போட்டுக் கெடுத்திருக்காங்க." இடதை எடுத்தார். "இதுல யாரோ குத்தியிருக்காங்க. ஆனா தோல் அப்படியே இருக்கு. இதுக்கு மதிப்பு உண்டு."

அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பை எடுக்க மறந்துவிட்டவர் மாதிரி. மேல்பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"கெட்டுப்போச்சா?" என்றார் யாரையும் பார்க்காமல். "தங்கம், அப்படிச் செய்யக் கூடாதாம்மா?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, நான் ஒட்டிய ஒரு ரூபாய் போல.

"நான்தான் மாமா சொல்ல மறந்துட்டேன்" என்றாள் தஸ்லீமா. "நாகூர் போற அவசரத்துல. என் தப்புதான், நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க." பிறகு நடுவரிடம், "கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுதான் சார் வச்சிருக்கோம். எதனால மதிப்பு, எதனால போகும்னு பாக்குறவங்களுக்குப் புரியணும்ல" என்றாள்.

நடுவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அட்டையை மறுபடி படித்தார். ம்ம் என்றார். பரிசு வேறு பள்ளிக்குப் போனது. ஆனால் கூட்டம் எங்கள் மேசையில்தான் நின்றது. ஒரு சின்னப் பையன் நிலாவில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எல்லாம் அவளுக்கே. காசு அவளுடையது, அட்டை அவளுடையது, அப்பா அவளுடையவர். என்னுடையதென்று இருந்தது ஒரே ஒரு தப்பு. அதையும் எல்லார் முன்னாலும் எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்.

வண்டியில் திரும்பும்போது அம்மா பின்னால் பஸ்ஸில் வந்தாள். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் பேசினார்.

"தங்கம் மறக்கற புள்ள இல்ல."

திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

அப்பா இப்போது கேட்கிறார். குத்துவிளக்கு கொண்டுவந்தவரிடம், "தேய்க்கலாமா? பழசு ஒண்ணுமில்லயே?" வந்தவர் முழிக்கிறார், தேய்க்கத்தானே கொண்டுவந்தார். அம்மாவின் கரண்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டு, "வேணாமா?" என்கிறார். பக்கத்து வீட்டு மாமா இன்று சாவியை வைத்துவிட்டுப் போனார். அழுக்காகவே திரும்ப எடுத்துப் போனார். சக்கரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது.

வீடு இவ்வளவு அமைதியாக இருந்தால் எனக்குப் படிப்பு வராது.

ஆகஸ்ட் 6

தஸ்லீமாவின் பெஞ்சுப் பக்கத்தில் ஒரு ரூபாயை ஒட்டிவைத்தேன். அவள் குனிந்து பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, "ஞாயித்துக்கிழம வரேன்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே!

ஆகஸ்ட் 10

வந்தாள். "வா தங்கம்" என்ற குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இரண்டு காசுகளையும் அப்பாவின் மேசைமேல் வைத்தாள்.

"எது வேணும்டி உனக்கு? எடு."

அப்பா தொட்டியைக் கிளறுவதுபோல் கிளறிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

நான் பளபளப்பை எடுத்தேன்.

"பைத்தியமா? அதுக்கு வெலையே இல்லடி. சாம்பலுக்குத்தான் மதிப்புன்னு அந்த ஆளே சொன்னாருல்ல."

"தெரியும். சாம்பல நீ வச்சுக்க. கம்மல் போட்டுக்க."

அவள் குத்துப்பட்ட காசை மெழுகுத்தாளில் மடித்து வைத்துக்கொண்டாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார். "வாலு, அந்த ஓரத்துல ஒரு எடம் நிக்கல் சரியா ஏறல. அன்னிக்கே பாத்தேன். குடு..." கை பாதி வழியில் நின்றது. "குடுக்கறியா?"

கையை மூடிக்கொண்டேன்.

"வேணாம்ப்பா. தொடைக்கக்கூட வேணாம். இதைக் கழுவக்கூடக் கூடாது."

தஸ்லீமா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல" என்றார் அப்பா, மெதுவாக.

தலையை ஆட்டினேன். அவர் என் தலையில் கை வைத்து, பஃப் சக்கரத்தில் வைத்த குத்துவிளக்கை அழுத்துகிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு என் ஸ்கூல் பையைப் பார்த்தார். "அந்தப் பக்கிள் எல்லாம் துரு. தேய்க்கட்டுமா?"

"தேய்ங்கப்பா. கேக்கவே வேணாம்."

சக்கரம் ஓடத் தொடங்கியது. அம்மா டீ கொண்டுவந்தாள். ஆளுக்கு இரண்டு பிஸ்கட். சரிசமம்தான், மறுக்கவில்லை. ஆனால் தங்கத்துக்குக் கொடுத்த இரண்டும் முழுசு.